பூனைக்கு வைத்த சோறு

பேரன் சாப்பிட மாட்டேன் என்கிறான், பேத்தி ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று நம் வயதுக்காரர்கள் புலம்பும்போதெல்லாம் நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் இப்போதுதான் படுகிறீர்கள். நான் பத்து வயதிலேயே பட்டு முடித்துவிட்டேன். என்னைப் படுத்தி எடுத்தது பேரப்பிள்ளை இல்லை, ஒரு பூனைக்குட்டி. என் முழங்கை நீளம்கூட இல்லாத அந்த ஒன்று ஒரு வீட்டையே எப்படிக் கலைத்துப் போட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

சவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்த புதிது. நான் ஐந்தாவது படித்தேன். மாசி மாதம் புளி உலுக்கி முடித்து, ஓடு உடைத்து, கொட்டை எடுக்கிற வேலை ஊர் முழுக்க நடக்கும். வீட்டுக்குள், துணியில், தலைமுடியில் எல்லாம் புளிப்பு வாசனை. விரல் இடுக்கெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். புளி ஏற்றப் போளூரிலிருந்து வந்த லாரி வெறும் கோணிகளைக் கட்டுக்கட்டாக எங்கள் களத்தில் இறக்கிப் போட்டது. அதில் ஒரு கட்டைப் பிரித்தபோது உள்ளேயிருந்து தும்மல் சத்தம் கேட்டது.

சாம்பல் நிறம், வெள்ளைத் தாடை, பீளை ஒட்டிய கண்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "எங்களுது இல்ல. கோணியோட வந்தது கோணிக்காரங்களுக்குத்தான்" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அதைப் பார்த்த பார்வையே சரியில்லை. "கீழயிருந்து வந்துதா? நம்ம வூட்ல இன்னா கீது அதுக்குத் துன்ன?" என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. எலியைத் தின்னட்டும், இல்லையென்றால் நாம் தின்பதைத் தின்னட்டும் என்றுதான் நினைத்தேன்.

தின்னவில்லை. அதுதான் கதையே.

கொட்டாங்குச்சியில் ஆட்டுப்பால் வைத்தேன். கிட்டே வந்தது, மோந்தது, தும்மியது, திரும்பிப் போய்விட்டது. சாமைச் சோற்றைக் குழைத்து வைத்தேன். முன்னங்காலால் தரையைப் பிராண்டி மண்ணைத் தள்ளி அதன்மேல் மூடப் பார்த்தது. அசிங்கத்தை மூடுவதுபோல! எனக்கு வந்த கோபத்துக்கு அதைத் தூக்கிக் களத்தில் போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்று பசியில் கத்தியது. சோற்றைக் காட்டினால் வேண்டாம், எடுத்துவிட்டால் கத்தல். இப்படி ஒரு பிறவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கடைசியில் அழுகை முட்ட, அதே சோற்றைக் கையில் அள்ளி அதன் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சொரசொரப்பான ஒரு நாக்கு என் உள்ளங்கையைத் தொட்டது. முழுக்கத் தின்று முடித்தது. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட பெருமையை என்ன சொல்ல! மறுநாள் காலை அந்தப் பெருமை போய்விட்டது. ஏனென்றால் அது அன்றிலிருந்து கையில் வைத்தால்தான் தின்னும் என்று முடிவு செய்துகொண்டது.

காலையில் ஒரு முறை, பள்ளிக்கூடத்திலிருந்து மதியம் ஓடிவந்து ஒரு முறை, பொழுது சாய்ந்ததும் ஒரு முறை. சத்துணவில் போடுகிற நெல்லுச்சோற்றில் பாதியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். நெல்லுச்சோறு என்றால் எங்களுக்கு அப்போது பண்டிகை. பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான் வீட்டில் ஆக்குவார்கள். மற்ற நாளெல்லாம் கேழ்வரகுக் களி, சாமை, கொள்ளுக் குழம்பு. அந்த அருமையான சோற்றை ஒரு பூனைக்கு ஊட்டிவிட்டு மணியடிப்பதற்குள் திரும்ப ஓடுவேன். தினமும் தாமதம். வாத்தியார் முட்டி போட வைத்தார். நான் ஏன் தாமதமாக வருகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "ரெண்டு நாளு பட்டினி போடு. அப்பறம் கல்லக்கூடத் துன்னும்" என்றான் அண்ணன். ஒரு நாள் போட்டோம். கல்லைத் தின்னவில்லை, படுத்துவிட்டது. அப்பா சந்தையிலிருந்து கருவாடு வாங்கி வந்தார். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு அத்தை, காலில் வெண்ணெயைத் தடவினால் நக்கிப் பழகும் என்றார். வெண்ணெய் காலோடு வீடு முழுக்க நடந்து, பாயெல்லாம் கறை. நானே ஒரு யோசனை செய்து பாலில் தேன் விட்டு வைத்தேன். எறும்பு வந்தது. எறும்பு பூனையையும் கடித்தது.

அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "திமிரு."

இதில் இன்னொரு நெருக்கடி. ஜூன் மாதம் நான் ஆறாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். பெட்டி வாங்கியாகிவிட்டது. அம்மா சொன்னார்: "நீ போன அன்னிக்கே அத்தக் கோணில கட்டி வந்த வழியே அனுப்பிருவேன். கைல ஊட்ட இங்க யாரும் குந்தினு கெடையாது." அம்மா சொன்னால் செய்கிறவர். அதனால் மூன்று மாதத்துக்குள் அதைத் தட்டில் தின்னப் பழக்கியாக வேண்டும்.

அண்ணியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி சந்தவாசல் பக்கம். எங்கள் சனம்தான். ஆனால் அவர்கள் குடும்பம் முந்தின தலைமுறையிலேயே மலையிறங்கி நெல் வயல்களில் வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டது. அண்ணிக்குப் பதினெட்டு வயதிருக்கும். அதிகம் பேச மாட்டார். களி உருண்டையை எப்படித் தின்ன வேண்டும் என்று உங்களில் மலைப் பக்கத்தார்க்குத் தெரியும். குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். அண்ணி மெல்லுவார். மென்றது தொண்டையில் நிற்கும். தண்ணீர் குடிப்பார். பாதி உருண்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "போதும் அத்த" என்று எழுந்துவிடுவார். அம்மா அந்த மீதி உருண்டையைப் பார்ப்பார். அதற்கும் அம்மாவிடம் இருந்தது அதே ஒரு சொல்தான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

கொட்டாங்குச்சியில் நான் படுகிற பாட்டைப் பார்த்து ஒரு நாள் அண்ணி தன் பெட்டியிலிருந்து ஒரு பீங்கான் தட்டை எடுத்துக் கொடுத்தார். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு. ஓரத்தில் பூச்சுப் பெயர்ந்து உள்ளே இரும்பின் கறுப்புத் தெரிந்தது. சீரோடு வந்த தட்டு அது. "இதுல வச்சிப் பாரு பாப்பா. வெள்ளத் தட்டுனா அதுக்குச் சோறு நல்லாத் தெரியும்" என்றார். அந்தத் தட்டு பிறகு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எத்தனையோ வீட்டுச் சாமான்கள் போயின. இது ஒன்றைத்தான் தேடியிருக்கிறேன்.

அந்தத் தட்டில் மதியச் சோற்றை வைத்து, தொம்பைக்குக் கீழே தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடினேன். தொம்பை என்றால் எங்கள் தானியக் கூடை, ஆள் உயரம். அதன் கீழே கோழி நுழையாது. சாயங்காலம் வந்து பார்த்தால், தட்டு காலி. பருக்கை இல்லை.

நான் குதித்த குதியில் தொம்பையே ஆடியது. அப்பாவிடம் ஓடினேன். அண்ணனிடம் ஓடினேன். "தட்டுல துன்னுச்சி! தானாவே துன்னுச்சி!" அம்மாகூட, "பரவால்லியே" என்றார். அண்ணி சாணம் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. மறுநாளும் காலி. அதற்கு மறுநாளும் காலி. இனி எதற்குக் கையில் ஊட்ட வேண்டும்? பழக்கம் விட்டுப் போகட்டும் என்று நிறுத்திவிட்டேன். சாயங்காலம் அது என் மடியில் ஏறிக் கையை நக்கி நக்கிக் கத்தும். "மத்தியானம் அவ்வளவு சோறு துன்னுட்டு இன்னும் இன்னாடா?" என்று தள்ளிவிடுவேன். இரக்கப்பட்டு ஒரு வாய் கொடுத்தால் உண்டு.

ஆனால் குட்டி இளைத்தது. முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது. தின்கிற அவ்வளவு சோறும் எங்கே போகிறது என்று எனக்கு ஆத்திரம். பக்கத்து வீட்டு அத்தை, "வயித்துல புழு" என்றார். வேப்பிலைச் சாறு பிழிந்து நானும் அண்ணனும் அதன் வாயைத் திறந்து ஊற்றினோம். நுரை கக்கியது. அண்ணன் கையைப் பிராண்டியது. எனக்கு இடது மணிக்கட்டில் கிழித்த கோடு இன்னும் இருக்கிறது. பட்டினி கிடந்த ஒன்றுக்குக் கசப்பை ஊற்றினோம். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வாத்தியாருக்குக் கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. சோறு போட்ட கையோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார். நான் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு ஓடைப் பக்கம் விளையாடப் போனவள், தாகம் எடுத்துத் திரும்பி வந்தேன். அம்மாவும் நான்கைந்து பெண்களும் களத்தில் புளிக்கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் வெயிலிலிருந்து நுழைந்ததும் கண் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

அண்ணி தொம்பைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நீல விளிம்புத் தட்டிலிருந்து சோற்றை வேக வேகமாகத் தின்றுகொண்டிருந்தார். பூனைக்குட்டி நாலடி தள்ளி, வாலைக் காலில் சுற்றிக்கொண்டு, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். வாயில் சோறு. தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தேதான் செய்தேன்.

"யம்மா! அண்ணி பூன சோத்தத் துன்னுது! இத்தினி நாளா அண்ணிதான் துன்னுது!"

களத்தில் தட்டுகிற சத்தம் நின்றது. அம்மாவும் பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அண்ணி எழுந்து சுவரோடு நின்றார். விரல்களில் பருக்கை ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, "இன்னாது, பூனைக்கு வச்சதையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்னொருத்தி, "புதுப்பொண்ணுக்கு சோறு போடறது இல்லியா?" என்றாள். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. திட்டவில்லை. "கையக் கழுவினு வா. கொட்ட நெறைய கெடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நான் வெற்றி பெற்றவளைப்போல் நின்றேன். என் பூனையைப் பட்டினி போட்டவரைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா! பத்து வயதில் நியாயம் அவ்வளவு சுலபம்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை அண்ணி ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சேதி வந்துது" என்றார். எந்தச் சேதியும் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அண்ணன் பஸ் வரைக்கும் போய்விட்டு வந்தான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

அப்பா மட்டும் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் கேட்டார். "அந்தப் பொண்ணு வந்து ரெண்டு மாசம் ஆவுது. ஒரு நாளாவது அதுக்கு நெல்லுச்சோறு ஆக்கினியா?"

"அவ கேக்கல."

"கேக்கணுமா?"

 அம்மா அடுப்பு விறகைத் தேவையில்லாமல் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார்.

நான் மறுபடியும் பூனைக்குக் கையில் ஊட்டத் தொடங்கினேன். விட்ட இடத்திலிருந்து ஒரு அடியும் முன்னேறவில்லை. தட்டில் வைத்தால் பிராண்டல், கையில் வைத்தால் நக்கல். எனக்கு அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. ஒழுங்காகத் தட்டில் தின்று தொலைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்று அதைக் குற்றம் சொன்னேன். வேறு யாரைச் சொல்வது?

பத்து நாள் போயிற்று. ஒரு சனிக்கிழமை அம்மா சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு, "கெளம்பு. சந்தவாசல் போறோம்" என்றார். பூனையை விட்டுவிட்டுப் போக முடியாது, ஊட்ட ஆளில்லை. மூங்கில் கூடையில் போட்டு மேலே துணி கட்டி எடுத்துக்கொண்டோம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அது ஒரு ராகத்தில் கத்தியது. முன் சீட்டில் ஒரு அம்மாள் வாந்தியெடுத்தார். கண்டக்டர் கூடையைத் தட்டி, "இன்னாம்மா உள்ள, கொழந்தையா?" என்றார். "கொழந்தையா இருந்தா இந்நேரம் தூங்கியிருக்கும்" என்றார் அம்மா. வழி முழுக்க அம்மா பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

அண்ணியின் அம்மா எங்களை உள்ளே வரச் சொன்னார், அவ்வளவுதான். நலம் விசாரிக்கவில்லை. அவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. வாழையிலை போட்டு நெல்லுச்சோறு பரிமாறினார், ஆவி பறக்க, கத்திரிக்காய்க் குழம்போடு. அம்மா தலை குனிந்து சாப்பிட்டார். அண்ணி அடுப்பங்கரை ஓரமாக நின்றிருந்தார். நான் என் இலையிலிருந்து கொஞ்சம் சோற்றை எடுத்து ஊதி ஆற்றி, கையில் வைத்துக்கொண்டு கூடையைத் திறந்தேன். குட்டி நக்கத் தொடங்கியது. பஸ்ஸில் கத்திக் கத்தி, நாக்கு பட்டது தெரியாத அளவுக்கு அது தளர்ந்து போயிருந்தது.

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பானையிலிருந்து ஒரு கரண்டி சோற்றை எடுத்து, கொதித்து இறக்கிய பாலை விட்டு மசித்து, ஒரு மூடியில் போட்டு, விரலை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத் தரையில் வைத்தார். குட்டி தலையைத் தூக்கியது. தள்ளாடிப் போனது. முகத்தை மூடிக்குள் புதைத்துக்கொண்டு தின்னத் தொடங்கியது.

 ஒன்றரை மாதம்! வெண்ணெய், தேன், கருவாடு, பட்டினி, வேப்பிலைச் சாறு!

"சளி புடிச்சி மூக்கு அடச்சினு கீது பாப்பா," என்றார் அண்ணி. "ஆறிப்போன சோத்துல அதுக்கு வாசன தெரியல. வாசன தெரியலன்னா பூன துன்னாது. ஒன் கைல சூடு கீது, அதுல வச்சா தெரியுது. அதுக்கு நீங்க எல்லாரும் திமிருன்னீங்க."

 அம்மாவின் கை இலையிலேயே நின்றது. 

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"வேப்பல சாறு ஊத்தன அன்னிக்கி தெரிஞ்சிது. சொன்னா, தட்டுல துன்னது பூன இல்ல, நாந்தான்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். எனக்கும் பசி."

அம்மா இலையை மடித்தார். கை கழுவிவிட்டு வந்து முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மாவின் வாயில் அந்த மாதிரிச் சொல் வந்து நான் கடைசிவரை கேட்டதில்லை. அவர் சொன்னது இது:

"போளூர் போயி அரிசி வாங்கினு போலாம்னு கீறேன். எனக்குக் கேவுருல நல்லது கெட்டது தெரியும், சாமையில தெரியும். நெல்லரிசில தெரியாது. நீ வந்து பாத்து எட்த்தா தேவல."

அண்ணி தன் அம்மாவைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணி உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தார்.

"எந்த பஸ்ஸு அத்த?" என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் மதியம் ஒரு சின்னப் பானை தனியாக அடுப்பேறியது. அம்மா அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. புளிக்கொட்டை தட்ட வந்த பெண்கள் எட்டிப் பார்த்தபோது மட்டும், "எம் மருமவளுக்கு" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. அடுத்த மழைக்காலத்துக்குள் அண்ணி களியை விழுங்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகும் பானை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

பூனையைச் சொல்ல வேண்டும். நான் விடுதிப் பள்ளியிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது அது தலையணை மாதிரி ஆகியிருந்தது. சூடோ ஆறியதோ, களியோ கருவாடோ, எதையும் விடாது. பக்கத்து வீட்டு அத்தையின் கோழிக்குஞ்சைக்கூட விடவில்லை. அம்மா விளக்குமாற்றோடு அதைத் துரத்திக்கொண்டே இருந்தார். நான் ஆசையாகக் கையில் சோற்றை வைத்து நீட்டினேன். என்னை யாரென்றே தெரியாமல், சோற்றைக் கவ்விக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டது. நன்றிகெட்டது என்று அன்றைக்குத் திட்டிய திட்டு இன்னும் தீரவில்லை.

ஆனால் எனக்குத் தீராத கணக்கு பூனையோடு இல்லை. அன்றைக்கு அண்ணி தலையாட்டினார், நான் கத்தினேன். அந்தப் பேச்சை அண்ணியிடம் எத்தனையோ முறை எடுக்க நினைத்திருக்கிறேன். என் கல்யாணத்தில், அம்மாவின் சாவில், அண்ணன் படுத்திருந்தபோது. ஒவ்வொரு முறையும் வேறு பேச்சு வந்துவிடும். போன வருடம் அண்ணி கண் ஆபரேஷனுக்கு என் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒரு மதியம் இரண்டு பேரும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இனி தள்ளக்கூடாது என்று தைரியப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அண்ணி, அன்னிக்கி நான் கத்துனது…"

"என்னிக்கி?" என்றார், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து. "நீ கத்தாத நாளு எதும்மா? ரசம் ஊத்து."

ஊற்றினேன். நினைவில்லையா, இல்லை, நான் சொல்லாமலே இருக்கட்டும் என்று விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்டால் சிரிக்கிறார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு எரிச்சல் தேவையா, நீங்களே சொல்லுங்கள்.